தொலைவைக் கடந்தது, கடிகாரத்தை மறந்தது: பெருந்தொற்றுக் கால இணையவழிப் பல்கலைக்கழகம் பற்றி ஒரு பயனர் மதிப்புரை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்புக்குக் கட்டணம் செலுத்திவிட்டு, அதன் முதல் இரண்டு பருவங்களையும் சொந்த வீட்டுப் படுக்கையறையின் மூலையில் உட்கார்ந்தபடியே படித்து முடித்தவர்களில் நானும் ஒருத்தி. 2020 செப்டம்பர் முதல் 2021 மே வரை நான் பயன்படுத்திய அந்தச் சேவையைப் பற்றி இத்தனை காலம் கழித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. முழுக்க இணையவழியில் நடத்தப்படும் வெளிநாட்டுப் பட்டங்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்கள் எல்லாம் அந்த இரண்டு பருவங்களில் கிடைத்தவைதான். பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது என்பதும், அந்த ஊர்க் கடிகாரம் எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதும் தெரிந்தால் போதும்.

இந்தச் சேவை எந்தச் சூழலில் பிறந்தது என்பதை மறந்துவிட்டுக் குறை சொல்வது நேர்மையாகாது. 2020 மார்ச் 6ஆம் தேதி சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் நேரடி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. 10ஆம் தேதி ஹார்வர்டு தன் மாணவர்களிடம் ஐந்து நாட்களுக்குள் விடுதியைக் காலி செய்யச் சொன்னது. அதற்கு மறுநாள் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று அறிவித்தது. மே 19ஆம் தேதி கேம்பிரிட்ஜ், அடுத்த கல்வியாண்டு முழுவதும் தன் விரிவுரைகள் இணையத்தில்தான் நடக்கும் என்றது. நூற்றாண்டுக் கணக்கில் கரும்பலகையையும் நேர்முகத்தையும் நம்பி நடந்துவந்த நிறுவனங்கள் ஓரிரு வாரங்களில் வீடு மாறியது போலத்தான் அது இருந்தது: எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்வித் தொழில்நுட்பத் துறையில் இருப்பவர்கள் அந்த மார்ச் மாதத்திலேயே இதற்கு ‘அவசரகாலத் தொலைக் கற்பித்தல்’ என்று தனிப்பெயர் கொடுத்து, திட்டமிட்டு வடிவமைக்கப்படும் இணையவழிக் கல்வியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தார்கள். ஆகவே முதல் வசந்தப் பருவத்தை, அதாவது 2020 மார்ச் முதல் மே வரையிலான மாதங்களை, நான் மதிப்பெண் போட எடுத்துக்கொள்ளவில்லை. நான் வாங்கியது செப்டம்பரில் விற்ற சரக்கு. அதைச் செம்மைப்படுத்த அவர்களுக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் கையில் இருந்தது.

செம்மைப்படுத்தவும் செய்தார்கள். ஒலி தெளிவாக இருந்தது, ஸ்லைடுகள் முன்கூட்டியே வந்தன, கேன்வாஸ் என்ற பாட மேலாண்மைத் தளத்தில் எல்லாப் பாடங்களும் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தன. பேராசிரியர் ஒருவர் தம் வீட்டு நிலவறையில் கண்ணாடிப் பலகை ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால் நின்று எழுதிக் காட்டினார். தொலைவு என்ற சிக்கலை அவர்கள் ஏறக்குறைய தீர்த்துவிட்டார்கள் என்றே சொல்வேன். பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒருவரின் சுண்ணக்கட்டி ஒலி என் காதுக்குப் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. ஆனால் பூமி உருண்டை என்பதும், அது சுழல்கிறது என்பதும், அவர்களுக்கு மாலை ஐந்து மணியாக இருக்கும்போது வேறு சிலருக்கு நள்ளிரவு கடந்துவிட்டிருக்கும் என்பதும் அந்தக் கோடைக்காலத் திட்டங்களில் எங்கேயும் இடம்பெறவில்லை. தொலைக்கல்வி என்ற பெயரிலேயே தொலைவு இருப்பதால்தானோ என்னவோ, எல்லோரும் தொலைவை மட்டுமே எதிரியாக எண்ணிக்கொண்டார்கள்.

என் கட்டாயப் பாடம் ஒன்று செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குத் தொடங்கும். எனக்கு அது புதன்கிழமை அதிகாலை 2.30. வீட்டில் மற்றவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால் விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு, மைக்கை வாய்க்கு அருகில் வைத்து, இரகசியம் சொல்வதைப் போலத்தான் பேச முடியும். வருகைக்குப் பத்து விழுக்காடு மதிப்பெண். கேமராவை இயக்கியிருந்தால்தான் வருகை கணக்கில் ஏறும். இணையத்தில் நேரலையாக நடக்கும் வகுப்பு என்பது இந்தச் சேவையின் முதன்மை அம்சமாக விளம்பரப்படுத்தப்பட்டதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. அது நடக்கும் நேரத்தில் என் மூளை பாதிதான் விழித்திருந்தது. கேட்ட கேள்விக்கு விடை தெரிந்திருந்தும், அதை ஒரு வாக்கியமாகக் கோத்து முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருக்கும். மறுநாள் பகலில் தூங்கினால் வீட்டு ஒழுங்கு குலையும், தூங்காவிட்டால் உடம்பு குலையும். எங்கள் வகுப்பில் ஷாங்காயிலிருந்து சேர்ந்திருந்த ஒருவருக்கு அதே வகுப்பு அதிகாலை 5 மணிக்கு. அவரும் நானும் அரட்டைப் பெட்டியில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவற்றில் பாதி, அடுத்தவர் இன்னும் விழித்திருக்கிறாரா என்று சரிபார்க்கும் செய்திகள்தான்.

இதற்கு மேல் ஒரு வேடிக்கையும் உண்டு. வட அமெரிக்காவில் குளிர்காலம் வரும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். 2020இல் அது நவம்பர் 1ஆம் தேதி நடந்தது. அப்படி ஒரு வழக்கமே இல்லாத நாடுகளில் இருக்கும் மாணவர்களுக்கு அதைப் பற்றி ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பும் எண்ணம் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வாரம் நான் வழக்கம்போல 2.30க்கு இணைந்து, வகுப்பை நடத்துபவர் வரும்வரை காத்திருக்கவும் என்ற வெள்ளைத் திரையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போனது தூக்கம் மட்டும்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் 2021 மார்ச் 14ஆம் தேதி கடிகாரம் மீண்டும் முன்னால் நகர்ந்தபோது, நான் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, வகுப்பின் தொடக்கத்தில் வைத்த சிறுதேர்வைத் தவறவிட்டேன். கெடு நேரங்களும் இப்படித்தான். இரவு 11.59க்குள் ஒப்படைக்க வேண்டும் என்றால் எனக்கு மறுநாள் காலை 9.29, அது குளிர்காலத்தில் 10.29 ஆகும். பாடத்திட்டத் தாளில் ஒரு நேரமும், என் கணக்கின் அமைப்பைப் பொறுத்துத் தளத்தில் வேறொரு நேரமும் காட்டும். ஐரோப்பா தன் கடிகாரத்தை மார்ச் கடைசி ஞாயிறன்று மாற்றுகிறது, ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்கள் ஏப்ரல் முதல் ஞாயிறன்று எதிர்த்திசையில் மாற்றுகின்றன. உலகப் பொது நேரத்தைவிட ஐந்து மணி நாற்பத்தைந்து நிமிடம் முன்னால் என்ற கால்மணிக் கணக்கில் வாழும் நேபாள மாணவர்களின் நாட்குறிப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் இரக்கமும் சேர்ந்தே வருகின்றன.

இதே சேவையில் யாரும் பெரிதாக விளம்பரப்படுத்தாத ஒரு பகுதி இருந்தது. அதுதான் இந்த மதிப்புரையில் அதிக மதிப்பெண் வாங்கப்போவதும்: வகுப்புப் பதிவுகள். சில மணி நேரத்தில் பதிவு தளத்தில் ஏறிவிடும். பகலில், குளித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மனிதராக அமர்ந்து அதைப் பார்க்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தலாம். பேராசிரியரின் உச்சரிப்புப் பழகும்வரை வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கலாம், பழகிய பிறகு ஒன்றேகால் மடங்காகக் கூட்டலாம். தானியங்கி எழுத்து வரிகள் அவ்வப்போது அபத்தமாக இருந்தாலும், வேற்றுமொழியில் பாடம் கேட்பவருக்கு அவை பெரும் துணை. நேரடி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால்கூட எனக்கு இது கிடைத்திருக்காது. பின்னர் வளாகத்துக்குப் போனபோது, ஒருமுறை சொன்னதைத் திரும்பக் கேட்க முடியாத வகுப்பறை எனக்குச் சற்றுக் கொடுமையாகவே பட்டது. ஆனால் இதே பதிவுகளைச் சில ஆசிரியர்கள் தரவே மறுத்தார்கள். பதிவு கிடைத்தால் மாணவர்கள் நேரலை வகுப்புக்கு வரமாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். வராமல் போவதற்கு எங்களிடம் இருந்த காரணத்தை அவர்கள் கேட்டதில்லை.

பழைய தொலைக்கல்விக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துவைத்திருந்தார்கள். பிரிட்டனில் 1969இல் தோன்றி 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தன் பாடங்களைப் பிபிசியில் பெரும்பாலும் அகால நேரங்களிலேயே ஒளிபரப்பியது. ஆனால் அதன் அச்சுப் பாடநூல்கள் மாணவரின் மேசையில் எந்நேரமும் காத்திருந்தன. வீடியோ கேசட் வந்த பிறகு ஒளிபரப்பையும் பதிவுசெய்து வேண்டியபோது பார்த்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவரின் நாள் தங்கள் நாளாக இருக்காது என்ற எண்ணத்தின் மேல்தான் அந்தப் பல்கலைக்கழகமே கட்டப்பட்டது. நான் பணம் கட்டிய இடம் அந்த அரை நூற்றாண்டு அனுபவத்தை எட்டிப் பார்க்காமல், வகுப்பறையை அப்படியே பெயர்த்து ஜூமில் ஒட்டியது.

ஜூமைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியாக இருந்த அதன் கூட்டப் பங்கேற்புகள் 2020 ஏப்ரலில் 30 கோடியாகின. அவ்வளவு வேகத்தில் வளர்ந்த ஒரு மென்பொருள் பெரும்பாலான நேரம் நின்று வேலை செய்தது என்பதே பாராட்டுக்குரியது. ஆகஸ்ட் 24ஆம் தேதி, அமெரிக்காவில் பல கல்வி நிறுவனங்கள் பருவத்தைத் தொடங்கிய அன்றே அது சில மணி நேரம் செயலிழந்ததைத் தவிர, பெரிய தடை எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அது தரும் களைப்பு உண்மையானது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெயிலன்சன் 2021 பிப்ரவரியில் அதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: இடைவிடாத அண்மைப் பார்வை, தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயம், உடல்மொழியைப் படிக்கவும் காட்டவும் தேவைப்படும் கூடுதல் உழைப்பு. நள்ளிரவு மாணவர்கள் சார்பாக ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: திரையில் பின்னால் தெரியும் எல்லா ஜன்னல்களிலும் வெயில் அடிக்க, நம் ஜன்னல் மட்டும் கறுப்பாக இருப்பது.

எனக்காவது மின்சாரமும் வைஃபையும் பெரும்பாலும் இருந்தன. கேமராவை இயக்கிய ஒரு மணி நேர வகுப்பு ஏறக்குறைய ஒரு ஜிபி தரவை விழுங்கிவிடும். கைப்பேசித் தரவை நம்பிப் படித்தவர்களுக்கு, கேமராவை இயக்கு என்ற கட்டளை நேரடியான செலவுக் கட்டளை. ஈரான், சிரியா, கியூபா போன்ற நாடுகளில், அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளின் காரணமாக அப்போது ஜூமே கிடைக்கவில்லை. சீனாவிலிருந்து படித்தவர்களுக்குக் கூகுள் டாக்ஸும் யூடியூபும் திறக்காது என்பதை, பாடப்பொருள்களை எல்லாம் அவற்றிலேயே ஏற்றிவைத்த பிறகுதான் பல துறைகள் கண்டுபிடித்தன. பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்கு இணைய வசதி வழங்கும் ஜிஸ்க் என்ற அமைப்பு, 2020இல் அலிபாபா கிளவுட் வழியாகச் சீனாவில் உள்ள மாணவர்களுக்குத் தனிப் பாதை ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. அதோடு வேறொரு அச்சமும் இருந்தது. ஹாங்காங் தேசியப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூன் 30இல் நடைமுறைக்கு வந்தபின், அங்கேயிருந்து சீன அரசியலைப் பற்றி வகுப்பில் பேசும் மாணவருக்கு என்ன நேரும் என்று தெரியவில்லை. பிரின்ஸ்டனில் சீன அரசியல் பாடம் ஒன்றில், கட்டுரைகளில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்களைப் பயன்படுத்த ஏற்பாடு செய்தார்கள். பக்கத்து அறையில் உறங்குபவர்களுக்காகக் குரலைத் தாழ்த்திய எனக்கு, அரசுக்காகக் குரலைத் தாழ்த்தியவர்களும் அதே திரையில் இருந்திருக்கக்கூடும் என்பது அப்போது உறைக்கவில்லை.

குழுப் பணிகளைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் ஜூமின் பிரேக்அவுட் ரூமில் தள்ளப்பட்ட நான்கு பேரில் இருவர் கேமராவை அணைத்திருப்பார்கள், ஒருவர் ஸ்லைடு செய்வார், நான் காலையில் விழிக்கும்போது முடிவுகள் எல்லாம் எடுக்கப்பட்டிருக்கும். என் பெயர் எப்போதும் கடைசி ஸ்லைடில் இருந்தது.

தேர்வுகள்தான் இந்தச் சேவையின் இரு முகங்களையும் ஒருசேரக் காட்டின. ஒரு பாடத்தில் கண்காணிப்பு மென்பொருள் வைத்துத் தேர்வு நடத்தினார்கள். தொடங்கும் முன் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், வெப்கேமைக் கையில் எடுத்து அறையின் நான்கு மூலைகளையும், மேசைக்கு அடியிலும் சுற்றிக் காட்ட வேண்டும். அதன் பிறகு பார்வை திரையை விட்டு விலகக்கூடாது, வேறு குரல் எதுவும் கேட்கக்கூடாது. தனி அறை, அமைதியான வீடு, அறுபடாத இணையம், நல்ல வெளிச்சம் ஆகிய நான்கும் உள்ளவர்தான் மாணவர் என்று அந்த மென்பொருள் கருதியது. அதிகாலை மூன்று மணி வெளிச்சத்தில் என் முகத்தை அது மூன்று முறை தொலைத்தது. கருத்த தோல் கொண்ட மாணவர்களின் முகத்தை இத்தகைய மென்பொருள்கள் எளிதில் கண்டுகொள்வதில்லை என்ற புகார்கள் அக்காலத்தில் பல நாடுகளில் எழுந்தன. வீட்டு அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வதை எதிர்த்து ஒஹையோவின் கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், அது அரசியல் சாசனத்துக்கு முரணான சோதனை என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. எனக்குக் காலம் கடந்து வந்த தீர்ப்பு. ஆனாலும் படித்தபோது இதமாக இருந்தது.

மற்றொரு பாடத்தின் ஆசிரியர் 24 மணி நேரத் திறந்த புத்தகத் தேர்வு வைத்தார். வினாத்தாள் திறந்த நேரத்திலிருந்து ஒரு முழு நாள். எந்த மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொள்வது என்பது நம் விருப்பம். நூலைப் பார்த்து எழுத முடியாத வகையில் வினாக்களை அவர் அமைத்திருந்தார், அதற்கு அவருக்கு எத்தனை நாள் பிடித்ததோ தெரியாது. என் காலை பத்து மணிக்கு, தேநீரோடு உட்கார்ந்து, என் அறிவு முழுவதும் விழித்திருக்கும் வேளையில் எழுதிய ஒரே தேர்வு அதுதான். மென்பொருள் தேவைப்படவில்லை, கூடுதல் செலவில்லை. பூமி சுழல்கிறது என்பதை ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டதே போதுமானதாக இருந்தது.

இந்தப் பொருளோடு சேர்ந்தே விற்கப்பட்ட இன்னொன்றைப் பல்கலைக்கழகங்களால் தம் விருப்பப்படி வழங்க முடியவில்லை. வெளிநாட்டுப் படிப்பு என்பது பாதி பாடம், பாதி விசா. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடத்தை அல்லது மூன்று கிரெடிட்டுகளை மட்டுமே கணக்கில் சேர்க்க முடியும் என்பது பழைய விதி. 2020 மார்ச்சில் அதைத் தளர்த்தினார்கள். ஜூலை 6ஆம் தேதி, முழுவதும் இணையவழியில் படிப்பவர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் அல்லது நேரடி வகுப்புள்ள இடத்துக்கு மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் இரண்டே நாளில் வழக்குத் தொடுக்க, 14ஆம் தேதி அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அந்த எட்டு நாட்களில் விமானச்சீட்டைத் தேடியவர்கள், வாடகை ஒப்பந்தத்தை முறித்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கோ அந்தச் சலுகையும் இல்லை: பாடங்கள் முழுவதும் இணையவழியில் என்றால் நாட்டுக்குள் நுழைய முடியாது.

ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20ஆம் தேதி எல்லையை மூடி, தடுப்பூசி போட்ட மாணவர்களுக்கு 2021 டிசம்பர் 15ஆம் தேதிதான் திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய இருபத்தொரு மாதங்களில் ஒரு முதுகலைப் படிப்பே முடிந்துவிடும். வளாகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே அந்நாட்டில் இருந்த மாணவர்களிடமோ, தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள இயலாவிட்டால் ஊர் திரும்ப வேண்டிய நேரம் இது என்ற பொருள்படப் பிரதமர் ஸ்காட் மாரிசன் 2020 ஏப்ரலில் பேசினார். இதில் கனடா நடந்துகொண்ட விதம் ஒப்பீட்டளவில் மேல்: வெளிநாட்டில் இருந்தபடி இணையவழியில் படித்த காலத்தையும் 2022 ஆகஸ்ட் 31 வரை, படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டது. மாணவர் என்ன வாங்கினார் என்பதை அந்த அரசு சரியாகப் புரிந்துகொண்டது என்பேன். பலர் கடன் வாங்கிச் சேர்வது அந்த வேலை அனுமதியை நம்பித்தான்.

மிக மோசமான அடி வாங்கியவர்கள் சீனாவில் மருத்துவம் பயின்ற வெளிநாட்டவர்கள். 2020 மார்ச் 28 முதல் வெளிநாட்டினருக்கு மூடப்பட்ட எல்லை, மாணவர்களுக்கு 2022 ஆகஸ்ட் இறுதியில்தான் மெல்லத் திறக்கத் தொடங்கியது. உடற்கூறியலையும் நோயாளியின் படுக்கையருகே கற்க வேண்டியவற்றையும் மடிக்கணினியில் கற்றார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் இந்தியர்கள். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், இணையவழியில் மட்டுமே பெற்ற மருத்துவப் படிப்பை ஏற்க இயலாது என்ற நிலைப்பாட்டில் இருந்தது. பின்னர் 2022 ஜூலை 28 அறிவிப்பில், இறுதியாண்டில் இருந்து அவ்வாண்டு ஜூன் 30க்குள் படிப்பை முடித்த சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஒரே ஒருமுறை விலக்களித்துத் தகுதித் தேர்வு எழுத அனுமதித்தது. ஆனால் தேர்ச்சி பெற்றால் வழக்கமான ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டுப் பயிற்சி. நோயாளியைத் தொடாமல் மருத்துவராக முடியாது என்பதில் ஆணையத்தோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்தச் சேவையில் கோளாறு ஏற்பட்டபோது அதன் முழு விலையையும் கட்டியவர் மாணவர் மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை.

விலை என்றதும் கட்டண விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்டணத்தில் ஒரு காசு குறையவில்லை. நான் ஒருபோதும் நுழையாத உடற்பயிற்சிக்கூடத்துக்கும், ஏறாத வளாகப் பேருந்துக்கும் சேர்த்தே ரசீது வந்தது; கேட்டெழுதிய பிறகு பேருந்துக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். மற்ற இடங்களில் சற்று மனமிரங்கியவர்கள் உண்டு: பிரின்ஸ்டன் 2020-21ஆம் கல்வியாண்டின் பயிற்றுக் கட்டணத்தில் 10 விழுக்காடு குறைத்தது. ஆனால் பணத்தைக் குறைத்ததைவிட எனக்குப் பிடித்தது நியூயார்க் பல்கலைக்கழகம் செய்த வேலை. விசா கிடைக்காமல் சீனாவில் நின்றுவிட்ட தன் மாணவர்களை, தன் ஷாங்காய் வளாகத்தில் சேர்ந்து படிக்க வைத்தது. கிளை வளாகம் உள்ளவர்களுக்கே அது முடியும் என்பது உண்மைதான். ஆயினும் மாணவர் இருக்கும் நேர வலயத்திலேயே மேசை, நூலகம், சக மாணவர்கள் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் யோசித்தார் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

வாடிக்கையாளர் சேவை என்று பார்த்தால், பன்னாட்டு மாணவர் அலுவலகம் வாரந்தோறும் அக்கறை ததும்பும் மின்னஞ்சல்களை அனுப்பியது. அவற்றின் அடியில் தொலைபேசி எண் இருக்கும். அலுவலக நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை, அவர்களுடைய காலை, அவர்களுடைய மாலை. மனச்சோர்வுக்கு ஆலோசகரிடம் பேசலாம் என்று ஒரு மின்னஞ்சல் சொன்னதை நம்பி நேரம் கேட்டபோது, வளாகம் இருக்கும் மாநிலத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஆலோசனை வழங்கத் தங்கள் உரிமம் இடம் தராது என்று பதில் வந்தது. அமெரிக்காவில் ஆலோசகர்களின் உரிமம் மாநில வாரியாக வழங்கப்படுவது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சட்டப்படி சரியான பதில். பதிலுக்குப் பதில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மாறாக, புள்ளியியல் பாடத்தின் பேராசிரியர் இரண்டாவது வாரமே ஒரு சிறு படிவம் அனுப்பி, எங்கள் ஒவ்வொருவரின் ஊர் நேரத்தைக் கேட்டு, தம் சந்திப்பு நேரங்களில் ஒன்றைத் தம் காலை 7 மணிக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு அது மாலை 4.30. அந்த அரை மணி நேரங்களில் நான் கற்றது, நள்ளிரவு வகுப்புகள் அனைத்திலும் கற்றதைவிட அதிகம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் இரண்டரை கொடுப்பேன். இதில் பதிவுகளுக்கும் அந்த 24 மணி நேரத் தேர்வுக்கும் மட்டும் இரண்டு. இனி இப்படி ஒரு படிப்பில் சேர நினைப்பவர்கள், தரவரிசையையும் மென்பொருளையும் விசாரிப்பதற்கு முன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது: எல்லா வகுப்புகளும் பதிவு செய்யப்படுமா, எவ்வளவு காலம் அவை திறந்திருக்கும், நேரலை வகுப்பு வருகைக்கு மதிப்பெண் உண்டா, தேர்வு எந்த நேர வலயத்தில் நடக்கும், ஆசிரியரைச் சந்திக்கும் நேரம் நாம் விழித்திருக்கும் நேரமா. தெளிவில்லாத பதில் வந்தால், அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

2021 ஆகஸ்டில் வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். குரலை வைத்து ஆட்களை அடையாளம் கண்டுகொள்ள ஒரு வாரம் பிடித்தது. எல்லோரும் நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தார்கள். அடுத்த ஆண்டு, சேமிப்பிடத்தைக் காலி செய்வதற்காகப் பழைய வகுப்புப் பதிவுகளை நீக்கப்போவதாக ஓர் அறிவிப்பு வந்தது. நான்கை மட்டும் தரவிறக்கி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் நாற்பதாவது நிமிடத்தில் என் குரல் வருகிறது. கேள்வி என்னவென்று எனக்கே இப்போது சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கப் பேச முடியுமா என்று பேராசிரியர் கேட்கிறார், முடியாது, இங்கே எல்லோரும் உறங்குகிறார்கள் என்று சொல்கிறேன், திரையில் யாரோ சிரிக்கிறார்கள், அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போகிறார்.